வயிற்றுப் புற்றுநோய் பரம்பரை நோயா?



தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறேன். "டிரெஸ்ஸர் ஐயா, எங்கப்பா வயித்துல கட்டி வந்து செத்தாரு. சித்தப்பாவும் அதே மாதிரிதான் போனாரு. இது எங்க ரத்தத்துலயே இருக்கா? எனக்கும் வருமா? பிள்ளைங்களுக்கும் வருமா?" இதுதான் கேள்வி.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி அல்ல இது. "அந்தக் குடும்பத்துல வயித்துப் புத்து இருக்காம்" என்று ஒரு பேச்சுக் கிளம்பி, நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். "எங்க வம்சத்துல எழுதினது, டாக்டர் என்னா செய்வாரு" என்று சொல்லிவிட்டு, சோதனைக்கே போகாமல் வீட்டில் படுத்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். முதலாவது அநியாயம். இரண்டாவது ஆபத்து. இரண்டுக்கும் காரணம் விஷயம் சரியாகத் தெரியாததுதான். ஆகவே, இந்தப் பாடத்தைப் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப் புற்றுநோய் வந்த 100 பேரை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 90 பேருக்கு அது பரம்பரையாக வந்தது அல்ல. மீதி 10 பேருடைய குடும்பத்தில்தான் வேறு யாருக்காவது அந்த நோய் இருந்திருக்கும். அந்தப் பத்திலும், பெற்றோரிடமிருந்து நேராக இறங்கி வரும் அசல் பரம்பரை வகை ஒன்று முதல் மூன்று பேருக்குத்தான். அப்படியானால் மற்றக் குடும்பங்களில் ஏன் இரண்டு மூன்று பேருக்கு வருகிறது? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ரத்தத்தில் வருவது எது?

நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் "இப்படி வளர், இத்தோடு நில்" என்று சொல்லும் கட்டளைகள் இருக்கின்றன. இவற்றைத்தான் டாக்டர்கள் ஜீன் என்கிறார்கள், தமிழில் மரபணு என்கிறோம். இதில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது.

புற்றுநோய் என்பது இந்தக் கட்டளை கெட்டுப்போய், ஓர் உயிரணு நிற்காமல் பெருகுவது. ஆகவே எல்லாப் புற்றுநோயிலும் மரபணு கெட்டுத்தான் இருக்கும். ஆனால் எங்கே கெட்டது, எப்போது கெட்டது என்பதுதான் முக்கியம். ஐம்பது வயதுக்காரர் ஒருவருடைய இரைப்பையின் உட்சுவரில் புண், சிகரெட், உப்பு, கிருமி ஆகியவற்றால் மரபணு கெட்டால், அந்தக் கெடுதல் அந்த இடத்தோடு சரி. அது அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது. பிறக்கும்போதே அப்பா அல்லது அம்மா வழியாக வந்த கோளாறுதான் பிள்ளைக்குப் போகும். முன்னது அதிகம், பின்னது மிகக் குறைவு.

பால் மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டு ரகம் உங்களுக்குத் தெரியும். பால் நன்றாகக் கொடுக்கும். ஆனால் கிளைகளில் பூஞ்சணம் படரும் பிங்க் நோய் இந்த ரகத்துக்குச் சீக்கிரம் வரும். அது அந்த ரகத்தின் பிறவிக் குணம். அதற்காக எல்லா 600 மரமும் பிங்க் நோயில் சாகிறதா? இல்லை. மழை ஈரம் அதிகமுள்ள இடத்தில், பூஞ்சணம் வந்து பற்றினால்தான் நோய். மருந்து அடித்தால் மரம் பிழைக்கும். ரகம் என்பது பலவீனத்தைக் கொடுக்கிறது, நோயைக் கொடுப்பது பூஞ்சணம். வயிற்றுப் புற்றுநோயிலும் பெரும்பாலும் கதை இதுதான். அந்தப் பூஞ்சணத்தின் இடத்தில் இருப்பது ஒரு கிருமி.

கப்பலில் வந்த கிருமி

1982-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் மனித வயிற்றிலிருந்து ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அதற்குப் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. வயிற்றுப் புளிப்பு நீரில் கிருமி வாழாது என்று அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1994-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் கிருமி என்று அறிவித்துவிட்டது.

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில் தொற்றுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு, சுத்தமில்லாத தண்ணீர், நெருக்கமான குடியிருப்பு, கழுவாத கை ஆகியவற்றின் மூலம் வருகிறது. ஒரு தடவை புகுந்தால், மருந்து கொடுக்காத வரைக்கும் அநேகமாக ஆயுள் முழுக்க இருக்கும். லயத்தில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்து, ஒரே பீலித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இது எப்படிப் பரவியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆக, அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நோய் வந்தால், ரத்தம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அப்பாவின் கிருமியும் மகனுக்கு வந்திருக்கலாம். அப்பா தின்ற உப்புக் கருவாட்டையேதான் மகனும் தின்றிருப்பார்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியைச் சொல்கிறேன். நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் பினாங்குத் துறைமுகத்துக்கு வந்தார்கள். பலரை ஜெரஜாக் தீவில் தனிமுகாமில் வைத்துச் சோதித்த பிறகுதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அம்மையையும் வாந்திபேதியையும் தேடினார்கள். வயிற்றுக்குள் இருந்த இந்தக் கிருமி யார் கண்ணுக்கும் தெரியவில்லை. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மலேசியர்களின் வயிற்றிலிருந்து எடுத்த கிருமிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. சீனர்களிடம் இருப்பது கிழக்காசியக் கிருமி. இந்தியர்களிடம் இருப்பது இந்தியாவின் கிருமி. மலாய்க்காரர்களிடம் இருப்பதில் பெரும்பகுதி, அண்மைக் காலத்தில் இந்தியர்களிடமிருந்து போய்ச் சேர்ந்தது. மூட்டை முடிச்சோடு நம்மவர்கள் கொண்டுவந்த சொத்தில் இதுவும் ஒன்று!

மூன்று இனம், மூன்று கணக்கு

மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோ கியன் லீயும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தக் கிருமியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் நாட்டில் இந்தக் கிருமி இந்தியர்களிடம்தான் அதிகம். அடுத்து சீனர்கள், கடைசியில் மலாய்க்காரர்கள். கிளந்தான் மலாய்க்காரர்களிடம் இருப்பது உலகத்திலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. அவர்களிடம் வயிற்றுப் புற்றுநோயும் மிகக் குறைவு.

அப்படியென்றால் புற்றுநோய் நம்மிடம்தானே அதிகம் இருக்கவேண்டும்? இல்லை. அது சீனர்களிடம்தான் அதிகம். கிருமி நம்மிடம் கூடுதல், நோய் அவர்களிடம் கூடுதல். டாக்டர்கள் இதை "இந்தியப் புதிர்" என்றே அழைக்கிறார்கள். கிருமியின் ரகம், சாப்பாடு, உடம்பில் இறங்கி வந்த மரபணு மூன்றும் சேர்ந்துதான் இந்த வித்தியாசத்தை உண்டாக்குகின்றன என்று அவர்கள் கருதுகிறார்கள்.

இதைக் கேட்டு "நமக்கு வராது" என்று இருந்துவிடாதீர்கள். நம்மிடம் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை.

ரத்தமா, பழக்கமா என்பதற்கு இன்னோர் உதாரணம். ஜப்பானில் வயிற்றுப் புற்றுநோய் மிக அதிகம். அங்கிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்த் தீவுக்குப் போனவர்களும் நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளர்கள்தான். அங்கே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் இந்த நோய் குறைந்துவிட்டது. ரத்தம் அதே ரத்தம்தான். மாறினது சாப்பாடும் தண்ணீரும் வாழ்க்கையும்.

மரபணுவின் பங்கு எவ்வளவு?

உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் கிருமி இருந்திருக்கிறது. ஆனால் கிருமி உள்ள 100 பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரைதான் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். ஏன் அவர்களுக்கு மட்டும்? இங்கேதான் மரபணு வருகிறது.

கிருமி புகுந்தால் உடம்பு சண்டை போடும். சிலருடைய உடம்பு அளவாகச் சண்டை போடும். சிலருடைய உடம்பு அளவுக்கு மீறிக் கொதிக்கும். அந்தக் கொதிப்பின் அளவைத் தீர்மானிக்கும் மரபணு உண்டு என்று 2000-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். கொதிப்பு அதிகமானால் இரைப்பையின் உட்சுவர் வருடக்கணக்கில் புண்பட்டு, மெலிந்து, கடைசியில் புற்றுநோயில் முடியலாம்.

இரத்தப் பிரிவையும் சிலர் கேட்பார்கள். 'ஏ' பிரிவுக்காரர்களுக்கு 'ஓ' பிரிவுக்காரர்களைவிட வயிற்றுப் புற்றுநோய் சற்று அதிகம் என்று 1953-லேயே இங்கிலாந்து டாக்டர்கள் எழுதினார்கள். ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல். 'ஏ' பிரிவு என்பதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

கிருமியும் மரபணுவும் கூட்டுச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு தெளிவாகக் காட்டியது. மரபணுவில் ஏற்படும் பிழைகளைப் பழுதுபார்க்கவே சில மரபணுக்கள் இருக்கின்றன. நிரை நிரையாகப் போய் வேலையைச் சரிபார்க்கும் மண்டோர் மாதிரி. அந்த மண்டோரே பிறவியில் கோளாறாக இருந்து, கிருமியும் இருந்தால், 85 வயதுக்குள் 100 பேரில் 45 பேருக்கு வயிற்றுப் புற்றுநோய் வருகிறது. கோளாறு இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால் 14 பேருக்கு. கோளாறு இருந்தும் கிருமி இல்லை என்றால் 5 பேருக்கும் குறைவு. (இது நோய் அதிகமுள்ள ஜப்பானின் கணக்கு. நம்மிடம் எண்ணிக்கை இவ்வளவு இராது.) இந்த மூன்று எண்களையும் இன்னொரு தடவை பாருங்கள். பிறவிக் கோளாற்றை மாற்ற முடியாது. கிருமியை ஒழிக்க முடியும்.

அசல் பரம்பரை வகை

நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று என்று சொன்னேனே, அது எது? நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளம் வயதிலேயே வயிற்றுப் புற்றுநோயில் பலர் இறந்தார்கள். அது சாபம் என்றுகூட அங்கே பேச்சு இருந்தது. அந்தக் குடும்பத்தாரே முன்வந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து காரணத்தைத் தேடினார்கள். 1998-இல் பாரி கில்ஃபோர்டு என்ற விஞ்ஞானியின் குழு விடையைக் கண்டுபிடித்தது. 16-ஆம் குரோமோசோமில் சி.டி.எச்.1 என்ற ஒரே ஒரு மரபணுவில் கோளாறு. செங்கல்லோடு செங்கல்லை ஒட்டிப் பிடிக்கும் சிமெண்டு மாதிரி, உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும் பொருளை உண்டாக்குவது அந்த மரபணு. சிமெண்டு கெட்டால் சுவர் உதிரும்.

இந்த வகையில் அப்பா அம்மா இருவரில் ஒருவருக்குக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. பூவா தலையா போடுவது போல. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். சொந்தத்தில் கட்டினதால் வருவது அல்ல, ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் வரலாம். இந்தப் புற்றுநோய் கட்டியாகத் திரளாமல் உட்சுவருக்கு அடியில் பரவுவதால், குழாய் விட்டுப் பார்த்தாலும் தப்பிவிடும். ஆகவே கோளாறு உறுதியானவர்களுக்கு, நோய் வருமுன்பே இரைப்பையை எடுத்துவிடும் ஆபரேஷனைப் பற்றி டாக்டர்கள் பேசுவார்கள். இரைப்பை இல்லாமலும் மனிதர் வாழலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடவேண்டும்.

இன்னொரு வகையில், ஒரே குடும்பத்தில் பெருங்குடல், கருப்பை, இரைப்பை ஆகியவற்றில் புற்றுநோய் மாறி மாறி வரும். இதற்கு லிஞ்ச் நோய்க்கூட்டு என்று பெயர். ஆகவே "அத்தைக்குக் கர்ப்பப்பையிலதான் வந்துச்சு, அது வேற" என்று ஒதுக்கிவிடாமல் டாக்டரிடம் அதையும் சொல்லவேண்டும்.

குடும்பத்தில் இருந்தால் என்ன செய்வது?

அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு வயிற்றுப் புற்றுநோய் இருந்தால், உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. பயப்படவேண்டாம். பத்துப் பேருக்கு இரண்டு மடங்கு வேறு, ஆயிரத்தில் ஒருவருக்கு இரண்டு மடங்கு வேறு. ஆனால் சும்மா இருக்கவும் வேண்டாம்.

கொரியாவில் வயிற்றுப் புற்றுநோயாளிகளின் நெருங்கிய சொந்தக்காரர்களில் இந்தக் கிருமி உள்ளவர்களைச் சேர்த்துச் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வெளிவந்தது. கிருமிக்கு மருந்து கொடுத்த 832 பேரில் 10 பேருக்குப் புற்றுநோய் வந்தது. வெறும் மாத்திரை கொடுத்த 844 பேரில் 23 பேருக்கு வந்தது. ஏறக்குறைய ஒன்பது வருடம் கவனித்த கணக்கு இது. மருந்து சாப்பிட்டதில் ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ரத்தம் மாறவில்லை, கிருமிதான் போனது. "வம்சத்துல எழுதினது" என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கிருமி இருக்கிறதா என்று மூச்சை ஊதியோ மலத்தைக் கொடுத்தோ பார்க்கலாம். இருந்தால் இரண்டு வகை ஆண்டிபயோட்டிக்கும் புளிப்பைக் குறைக்கும் மருந்தும் சேர்த்து, பொதுவாக 14 நாள் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே நெஞ்செரிச்சல் நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்தாதீர்கள். அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி சாகாது, அடுத்த தடவை அந்த மருந்துக்குக் கட்டுப்படவும் செய்யாது. முடிந்த பிறகு, கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் பார்க்கவேண்டும்.

வீட்டுப்பாடம்

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, சின்னம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்று விஷயம்: என்ன நோய், எந்த வயதில் கண்டது, எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தது. "வயித்து வலியில செத்தாரு" என்பது போதாது. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, ஈமச் சான்றிதழ் இருந்தால் எடுத்து வையுங்கள். வயதான பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

இரண்டு பேருக்கு வயிற்றுப் புற்றுநோய் இருந்தால், அல்லது ஒருவருக்கு ஐம்பது வயதுக்குள் வந்திருந்தால், அந்த நோட்டோடு என்னைப் போன்ற தோட்ட உதவியாளரிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ வாருங்கள். கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். அங்கிருந்து பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ செபராங் ஜெயா ஆஸ்பத்திரிக்கோ கடிதம் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

நெப்போலியன் சக்கரவர்த்தியின் தகப்பனார் 1785-இல் வயிற்று நோயில் இறந்தார். நெப்போலியனும் 1821-இல் செயிண்ட் ஹெலினா தீவில் வயிற்று நோயிலேயே இறந்தார். தாம் இறந்த பிறகு இரைப்பையைத் திறந்து பார்த்து, தம் மகனை எச்சரிக்கச் சொல்லிவிட்டுத்தான் இறந்தார். அவர் காலத்தில் எச்சரிக்க மட்டும்தான் முடிந்தது. நம் காலத்தில் மருந்தே இருக்கிறது.

எப்போது உடனே வரவேண்டும்?

கடையில் வாங்கும் வெள்ளைத் தண்ணி மருந்தாலும் புளிப்பு மாத்திரையாலும் புற்றுநோயின் வலிகூடக் கொஞ்ச நாள் அடங்கும். அதனால்தான் பலர் முற்றிய பிறகு வருகிறார்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள்.

1. நாற்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த அஜீரணம் அல்லது வயிற்று வலி, இரண்டு மூன்று வாரமாகியும் போகவில்லை.

2. காரணம் இல்லாமல் உடம்பு இளைக்கிறது.

3. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது.

4. தார் போலக் கறுப்பாக மலம் போகிறது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும். எதனால் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

5. அடிக்கடி வாந்தி, வாந்தியில் ரத்தம்.

6. முகம் வெளுத்து, ஏறி இறங்கினால் மூச்சு வாங்குகிறது.

தினமும் செய்யவேண்டியதும் உண்டு. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கக்கூசுக்குப் போய் வந்தும், சாப்பிடு முன்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கருவாடு, நெத்திலி, ஊறுகாய் ஆகியவை தொட்டுக்கொள்ளத்தான், வயிற்றை நிரப்ப அல்ல. ஒரு நாள் முழுவதற்கும் உப்பு ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். கீரையும் பழமும் தினம் கொஞ்சமாவது இருக்கட்டும். சிகரெட்டை விடுங்கள். சம்சுவைத் தொடாதீர்கள்.

"சோதனைக்குப் போனால் சம்பளம் போகும்" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குள் வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். டாக்டர் சீட்டைக் காட்டி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். தகராறு வந்தால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கம் அதற்குத்தான் இருக்கிறது.

கல்யாணம் பேசும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஒரு பையனுடைய அப்பா வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார் என்பது அந்தப் பையனைத் தள்ளி வைக்கக் காரணம் அல்ல. அவனைச் சோதனைக்குக் கூட்டிப் போகத்தான் அது காரணம். பெண்ணைக் கொடுங்கள். கிளினிக்குக்கும் அனுப்புங்கள்.